யாராவது பந்தை எடுத்துத்தானே ஆகணும்

"மோசமான டீம்லயும் யாராவது பந்தை எடுத்துத்தானே ஆகணும், மச்சான்."

ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியில் காலிங்வுட் அணியின் ரசிகனான என் நண்பன், நார்த் மெல்போர்ன் ஆட்டக்காரர் ஹாரி ஷீசலைப் பற்றிச் சொன்னது இது. சண்டைக்கு இழுக்கும் நோக்கம் அவனுக்கு இல்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னான். ஆனாலும் அந்த வரி என்னை விடவில்லை. நார்த் மெல்போர்ன் ஆட்டக்காரர்களைப் பற்றி மற்ற அணி ரசிகர்கள் பேசுவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கிறது. ஷீசலின் டிஸ்போசல் கணக்கு, அதாவது பந்தை எடுத்து உதைத்தோ கையால் குத்தியோ கொடுத்த எண்ணிக்கை, வெற்றுக் கணக்கு. லார்க்கியின் கோல்கள், வேறு யாரும் அடிக்காததால் அவருக்கு விழுந்தவை. ஸெர்ரி ரக்கில், அதாவது மேலே எழும் பந்துக்குத் தாவுவதில், ஜெயித்து என்ன, ஆட்டம் தோல்விதானே. இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பதில் மாறும். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு அணியில் ஒருவன் நல்ல ஆட்டக்காரன் என்று எதை வைத்துச் சொல்வது? சனி ஞாயிறுகளில் மைதானத்தில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

நிலைமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021-இல் நாலு வெற்றி, ஒரு சமன், கடைசி இடம். 2022-இல் இரண்டே வெற்றி, மறுபடியும் கடைசி. 2023-இல் மூன்று, 2024-இல் மூன்று, இரண்டு தடவையும் கடைசிக்கு முந்தைய இடம். 2025-இல் ஐந்து வெற்றியும் ஒரு சமனும், பதினாறாவது இடம். 1996-இலும் 1999-இலும் வேய்ன் கேரி தலைமையில் கோப்பை தூக்கிய கிளப் இது. கோல்ட் கோஸ்டுக்குக் குடிபெயர்ந்து போ, பணம் தருகிறோம் என்று லீக் அழைத்தபோது 2007-இல் மாட்டோம் என்று சொல்லி மெல்போர்னின் ஆர்டன் தெருவிலேயே நின்ற கிளப். மெல்போர்னுக்கு வந்த புதிதில் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். பயிற்சி பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள், வேலியோரமாக நின்றால் போதும். சுற்றியிருக்கும் அரசு அடுக்குமாடிகளில் குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கிளப்பின் 'ஹடில்' மையத்தில் சாயங்காலம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். அந்தத் தெருவில் நின்று பார்த்த யாருக்கும் வேறு அணி பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஷீசலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்

2022 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர் ஷீசல். பள்ளிக்கூடக் காலத்தில் கோல் அடிக்கும் ஃபார்வர்ட். நார்த்தில் அவரைப் பின்வரிசைக்கு, ஹாஃப்-பேக்குக்குக் கொண்டுபோனார்கள். 2023-இன் முதல் ஆட்டத்தில், வாழ்க்கையின் முதல் சீனியர் ஆட்டத்தில், வெஸ்ட் கோஸ்டுக்கு எதிராக 34 டிஸ்போசல். அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது அவருக்கு வந்தது. அதோடு கிளப்பின் சிட் பார்க்கர் பதக்கமும் வந்தது, அதாவது முதல் சீசனிலேயே மொத்த அணியிலும் சிறந்தவர். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்த வருஷமே அணியில் முதலிடம் பிடிக்கிறான் என்றால் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. என் நண்பனின் வரிக்கு அங்கேதான் கொஞ்சம் பலம் இருக்கிறது.

ஹாஃப்-பேக்கில் நிற்பவருக்குப் பந்து சுலபமாக வரும் என்பது உண்மை. தோற்கிற அணியின் பின்வரிசைக்குத்தான் பந்து அதிகம் போகும் என்பதும் உண்மை. ஆனால் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. கேமரா பந்துக்குப் பின்னால் ஓடுகிறது. ஷீசல் பந்தைக் கையால் குத்திக் கொடுத்து முடித்ததும் படத்திலிருந்து மறைந்துவிடுவார், அதற்குப் பிறகு அவர் செய்வது பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால்தான் தெரியும். கொடுத்த இடத்திலேயே நிற்க மாட்டார். பந்தை வாங்கியவன் மாட்டிக்கொண்டால் திரும்ப வாங்குவதற்குத் தோதான ஒரு கோணத்துக்கு உடனே ஓடிப்போய் நிற்பார். வாங்கியவன் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தால், மேல் கை ஓங்கிய எதிராளிகள் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டால், அவனுக்கு இருக்கிற ஒரே வழி ஷீசல்தான். அதனால்தான் ஒரே தொடர்ச்சியில் இரண்டு தடவை, மூன்று தடவை அவர் கைக்குப் பந்து வருகிறது. எண்ணிக்கை ஏறுகிறது. வெற்றுக் கணக்கு என்கிறார்கள். எனக்கு அது பக்கத்தில் நிற்கிறவனைக் காப்பாற்றுகிற வேலையாகத் தெரிகிறது.

அவரிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. மிட்ஃபீல்டுக்கு மாறிய பிறகு அவர் எடுக்கும் பந்து எதிரணிக்கு வலிக்க வேண்டும். பக்கவாட்டில் கொடுத்துக் காப்பாற்றியது போதும், ஐம்பது மீட்டர் கோட்டுக்கு உள்ளே லார்க்கியின் மார்புக்கு நேராக அடிக்கிற உதை இன்னும் நிறைய வர வேண்டும். அவர் காலில் அது இருக்கிறது. பள்ளியில் கோல் அடித்துப் பழகியவருக்கு ஃபார்வர்ட் எங்கே பந்தை எதிர்பார்ப்பான் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

லார்க்கியும் அந்த ஹோபார்ட் நாளும்

நிக் லார்க்கியைப் பற்றிப் பேசும்போது யாரும் என்னிடம் அதிக நேரம் வாதம் செய்ய முடியாது. 2023-இல் 71 கோல், மூன்றே ஆட்டம் ஜெயித்த அணிக்காக. அந்த வருஷம் லீகின் சிறந்தவர்களைச் சேர்த்து அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியிலும் இடம். ஃபார்வர்டுக்குப் பந்து உள்ளே வர வேண்டும், நார்த்துக்கு அது வருவதே அபூர்வம், வந்தாலும் பதறிப்போய் உயரத் தூக்கி அடித்த பந்தாக வரும், கீழே மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். அதிலிருந்து 71 என்பது எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத எண். வேறு யாரும் அடிக்காததால் அவர் அடித்தார் என்பவர்கள் ஒரு ஆட்டத்தையாவது கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் எவ்வளவு தூரம் ஓடி ஓடி, பந்தே வராத ஓட்டங்களை ஓடுகிறார் என்று அங்கிருந்துதான் தெரியும்.

2023-இன் கடைசி ஆட்டம் ஹோபார்ட்டில், கோல்ட் கோஸ்டுக்கு எதிராக. முதல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்துவிட்டு அதற்குப் பிறகு தொடர்ச்சியாக இருபது தோல்வி. அன்றைக்கும் தோற்றால் கடைசி இடம், கடைசி இடம் வந்தால் டிராஃப்டில் முதல் தேர்வு, அந்த வருஷம் முதல் தேர்வு என்றால் ஹார்லி ரீட். நாடு முழுக்கப் பேசப்பட்ட பையன். தோற்றுவிடட்டும் என்று வாய்விட்டே சொன்ன நார்த் ரசிகர்கள் இருந்தார்கள். லார்க்கி அன்றைக்கு ஒன்பது கோல் அடித்தார். நார்த் ஜெயித்தது, ரீட் வெஸ்ட் கோஸ்டுக்குப் போனார். அந்த வெற்றி தேவையா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவைதான், சந்தேகமே வேண்டாம். இருபது வாரம் தோற்ற இருபத்திரண்டு பேரிடம் போய், இன்றைக்கும் தோற்றுவிடு, நாளைக்கு உனக்குப் பதில் வேறொருவன் வருவான் என்று எந்த முகத்தோடு சொல்வது? டிராஃப்டில் முதலிடம் கிடைத்து இந்த அணிக்கு என்ன ஆனது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பத்து நாலு புள்ளி

2024 ஜூன் 16. காலிங்வுட்டுக்கு எதிராக, கூரை போட்ட டாக்லண்ட்ஸ் மைதானத்தில். அதற்கு முந்தைய வாரம்தான் பெர்த் போய் வெஸ்ட் கோஸ்டை வென்று அந்த சீசனின் முதல் வெற்றி வந்திருந்தது. காலிங்வுட் முந்தைய ஆண்டின் சாம்பியன். மூன்றாவது குவாட்டரில் நார்த் 54 புள்ளி, அதாவது ஒன்பது கோல் அளவுக்கு, முன்னால் இருந்தது. அந்த அரைமணி நேரம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. பக்கத்து வரிசையில் நீலமும் வெள்ளையுமான பழைய கம்பளி மஃப்ளர் போட்ட அம்மா ஒருவர் இருந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு கோலுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்று எனக்குத் தெரியாது. நான்காவது குவாட்டரில் அந்தக் கை என் கையை விட்டுப் போயிருந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

கடைசி நொடிகளில் நடுவர் கொடுக்காத ஐம்பது மீட்டர் அபராதத்தை, அதாவது பந்தை அவ்வளவு தூரம் முன்னே நகர்த்தும் தண்டனையைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்க எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஐம்பத்து நாலு புள்ளி எப்படிக் கரைந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பதிவு செய்துவைத்து பார்த்தேன், என் அபிப்பிராயம் ஓர் இடத்தில் வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

ஃபுட்டியில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மைதானத்தின் நடுவுக்கே திரும்பி வருகிறது. கோல் வாங்கிய அணிக்குப் பந்து தானாகக் கிடைப்பதில்லை, மறுபடியும் நடுவில் போட்டிபோட்டு ஜெயிக்க வேண்டும். 2019-லிருந்து அந்த நேரத்தில் ஒவ்வொரு அணியும் முன்வரிசையில் ஆறு, நடுவில் ஆறு, பின்வரிசையில் ஆறு என்று நின்றாக வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் அடி வாங்கும்போது ஓர் ஆளைக் கூடுதலாகப் பின்னால் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், இப்போது அதற்கு வழி இல்லை. நடுவில் ஒரு தடவை தோற்றால் இருபது நொடியில் கோல். மறுபடி நடு. மறுபடி தோற்றால் மறுபடி கோல். இந்த ஓட்டத்தை நிறுத்த இரண்டே வழி. ஒன்று, நடுவில் யாராவது உடம்பைக் கொடுத்துப் பந்தை அமுக்கிப்போட வேண்டும். இன்னொன்று, கையில் பந்து வரும்போது அவசரப்படாமல் இருப்பது. பதினைந்து மீட்டர் உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்து மார்க் எடுத்தால் யாரும் தொட முடியாது, நின்று சுற்றிப் பார்க்கலாம், மறுபடி பதினைந்து மீட்டர், மறுபடி மார்க். அழகில்லாத ஆட்டம், ஆனால் கடிகாரம் ஓடும். ஜீலாங் அணியைப் பாருங்கள், முன்னால் இருக்கும்போது பத்து நிமிஷத்தை அப்படியே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

அன்றைக்கு நார்த் ஆட்டக்காரர்கள் ஓடாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஓடினார்கள், அளவுக்கு மேல் ஓடினார்கள். கோல் வாங்கியதும் பதிலுக்கு உடனே கோல் அடிக்க வேண்டும் என்று நடு வழியாகப் பாய்ந்தார்கள், பந்தை இழந்தார்கள், பாய்ந்தவர்கள் எல்லாரும் பந்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பதிவைப் பார்க்கும்போது நான் தேடியது ஒன்றைத்தான். யார் கை காட்டுகிறார்கள்? யார் நிறுத்து என்று கையைக் கீழே இறக்கிக் காட்டுகிறார்கள்? நன்றாக ஆடும் எந்த அணியிலும் அப்படி நாலைந்து பேர் இருப்பார்கள், இருபத்தாறு இருபத்தேழு வயதில், நூற்றைம்பது ஆட்டம் ஆடியவர்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர். அவர்கள் திறமையில் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இந்த மாதிரி ஒரு பிற்பகலை முன்பே கடந்து வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நார்த்தில் அந்த இடம் காலியாக இருந்தது. தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வீடு மாதிரி ஓர் அணி, இடையில் அப்பா அம்மா தலைமுறையே இல்லை.

அந்த வயது எங்கே போனது

இதற்கு ஷீசலோ லார்க்கியோ காரணம் இல்லை, அவர்கள் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை. 2016-இல் நார்த் முதல் ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்தது, சீசன் முடிவில் தட்டுத்தடுமாறி எட்டாவதாக வந்து, கோப்பைக்கான நாக்-அவுட்டின் முதல் சுற்றிலேயே அடிலெய்டிடம் தோற்று வெளியேறியது. அந்த வருஷமே பிரென்ட் ஹார்வி, ட்ரூ பெட்ரி, நிக் டால் சான்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ நான்கு பேரையும் ஒரே நேரத்தில் போகச் சொன்னார்கள். ஹார்வி 432 ஆட்டம் ஆடியவர், லீகின் அன்றைய சாதனை அது. போகச் சொன்னதில்கூட ஒரு நியாயம் இருந்தது, வயதாகிவிட்டது. அவர்கள் இடத்துக்குப் பெரிய பெயர்களைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்று கிளப் நம்பியதுதான் நடக்கவில்லை. 2017-இல் டஸ்டின் மார்ட்டினைக் கேட்டார்கள், அவர் ரிச்மண்டிலேயே இருந்து அந்த ஆண்டே கோப்பை வாங்கினார். ஜாஷ் கெல்லியைக் கேட்டார்கள், வரவில்லை. ஆண்ட்ரூ காஃபைக் கேட்டார்கள், வரவில்லை. அந்த மூன்று வருஷத்தில் டிராஃப்டில் அமைதியாகப் பையன்களைச் சேர்த்திருந்தால் இன்றைக்கு அவர்களுக்கெல்லாம் இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். நான் தேடிய கைகாட்டும் ஆட்கள் அவர்கள்தான்.

அப்புறம் 2020 வந்தது. மூன்று வெற்றி, பயிற்சியாளர் ரைஸ் ஷா விலகினார், சீசன் முடிந்ததும் ஒரே வீச்சில் 11 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வருஷத்துக்கு அறுபது கோல் அடித்துக்கொண்டிருந்த பென் பிரவுன் மெல்போர்ன் டீமன்ஸுக்குப் போனார், அடுத்த வருஷமே அங்கே கோப்பைப் பதக்கம் வாங்கினார். ஷான் ஹிக்கின்ஸ் ஜீலாங்குக்குப் போனார். எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டுகிறோம் என்றார்கள். இடிப்பது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. 2021 குட் ஃப்ரைடே அன்றைக்கு வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 128 புள்ளியில் தோற்றார்கள், அந்த அணியில் இருந்த பையன்களுக்கு அன்றைக்கு எந்தப் பாடமும் கிடைத்திருக்காது, அடி மட்டும்தான் கிடைத்தது. பையன்கள் தோற்றுத் தோற்றுப் பழகிக்கொள்வார்கள், பிறகு ஜெயிப்பார்கள் என்கிற நம்பிக்கை எனக்குக் கிடையாது. தோற்கப் பழகினால் தோற்கத்தான் வரும். வில் ஃபிலிப்ஸ் 2020 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு, சுரப்பிக் காய்ச்சல் வந்து ஒரு வருஷமே போனது, அதற்குப் பிறகு அவருக்குச் சரியான இடமே அமையவில்லை. நல்ல அணியில், இரண்டு மூத்த மிட்ஃபீல்டர்களுக்கு நடுவில் ஆடியிருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் 2024 முடிவில் லூக் பார்க்கர், கேலப் டேனியல், ஜாக் டார்லிங் மூன்று பேரையும் கொண்டுவந்தபோது, முப்பது வயதுக்காரர்களை எடுத்து என்ன பயன் என்று கேட்டவர்களோடு நான் சேரவில்லை. பார்க்கரிடம் 2012-இன் கோப்பைப் பதக்கம், டேனியலிடம் 2016, டார்லிங்கிடம் 2018. அந்த உடைமாற்று அறையில் வேறு யார் கழுத்திலும் அது இல்லை. அதே வருஷ டிராஃப்ட் இரவில் 2025-இன் முதல் சுற்றுத் தேர்வை ரிச்மண்டுக்குக் கொடுத்துவிட்டு உயரமான மேட் விட்லாக்கை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை, அந்த அவசரம் தேவையில்லை, ஐந்து வெற்றி மட்டுமே வரக்கூடிய அணி அடுத்த ஆண்டின் முதல் தேர்வை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் மூத்த மூவரும் வந்த முதல் மாதமே மெல்போர்ன் டீமன்ஸை 59 புள்ளியில் ஜெயித்ததையும் பார்த்தேன். அந்த ஆண்டு கோப்பை வாங்கிய பிரிஸ்பேனோடு சமன் செய்ததையும் பார்த்தேன். கைகள் காட்டப்பட்டன. நிதானம் அங்கங்கே தெரிந்தது. நீடிக்கவில்லை, அதற்கு மூன்று பேர் போதாது.

போனவர்களும் இருப்பவர்களும்

ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் 2021 டிராஃப்டின் முதல் தேர்வு. நார்த்துக்கு 17 ஆட்டம் ஆடினார், போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் நார்த் ரசிகர்கள் ஊளையிடுகிறார்கள், நான் செய்வதில்லை, செய்கிற நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். வீட்டை விட்டு முதல் தடவை வேறு மாநிலம் வந்த பதினெட்டு வயதுப் பையன். இரண்டே ஆட்டம் ஜெயித்த வருஷம். பிரிஸ்பேனிடம் 108 புள்ளியில் தோல்வி, ஜூலையில் பயிற்சியாளர் டேவிட் நோபிளும் போய்விட்டார். முதல் தேர்வு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வருஷம் போதுமான பதில். அவரைக் கொடுத்த பெரிய பரிமாற்றத்தில் வந்தவர்கள்தான் ஷீசலும் ஜார்ஜ் வார்ட்லாவும் என்பதையும் ஊளையிடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கேப்டனாக இருந்த ஜை சிம்ப்கின் 2025 முடிவில் காலிங்வுட்டுக்குப் போக விரும்பினார், ஒப்பந்தம் இருந்ததால் கிளப் விடவில்லை. அந்தச் செய்தி எனக்கு ஹார்ன்-ஃபிரான்சிஸ் போனதைவிட அதிகம் வலித்தது. இரண்டு தடவை சிட் பார்க்கர் வாங்கியவர், 2021, 2022, அதாவது மிக மோசமான இரண்டு வருஷங்களில். ஆனால் கோபப்பட முடியவில்லை. அவர் வயதுக்காரர்களில் அவரும் இன்னும் இரண்டொருவரும்தான் மிஞ்சியிருந்தார்கள், கூட இருந்தவர்களையெல்லாம் வருஷா வருஷம் வழியனுப்பிவிட்டு, வருகிற பையன்களுக்கு ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சைப் பேசிக்கொண்டு எத்தனை நாள் ஒருவன் நிற்க முடியும்? துரோகம் என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை ஓர் ஆட்டக்காரன்மேல் போடுவதற்கு முன்னால் அந்த அணியில் அவன் எத்தனை தோல்விக்குக் கைகுலுக்கினான் என்று பார்க்க வேண்டும்.

இருப்பவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ட்ரிஸ்டன் ஸெர்ரி. டிராஃப்டில் எழுபது பேருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர். டாட் கோல்ட்ஸ்டீன் என்கிற பெரிய மரத்தின் நிழலில் வருஷக்கணக்கில் காத்திருந்தார். கோல்ட்ஸ்டீன் 315 ஆட்டம் முடித்து எஸெண்டன் போனதும் 2024-இல் முழு ரக் பொறுப்பும் இவருக்கு வந்தது. ரக் என்றால் மேலே தாவிப் பந்தைத் தட்டுவது மட்டும் என்று நினைப்பவர்கள் ஸெர்ரி கீழே இறங்கி டேக்கிள் செய்வதைப் பார்க்க வேண்டும், அந்த உயரத்தில் அந்தக் கோபத்தோடு யாரும் செய்வதில்லை. லூக் டேவிஸ்-யூனியாக் நடுவிலிருந்து பந்தோடு வெடித்துக் கிளம்பும் அந்த முதல் ஐந்து அடியை லீகில் இன்னும் சில பேரிடம்தான் பார்க்க முடியும், அவர் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம், இங்கேயே இருந்தார். ஆனால் பந்து கைமாறிய பிறகு அவர் திரும்பி ஓடுகிற ஓட்டம் கிளம்புகிற ஓட்டத்துக்குப் பாதிகூட இல்லை, இதை அவர்மேல் உள்ள பிரியத்தோடுதான் சொல்கிறேன். சார்லி காம்பென் அடுக்கடுக்கான கால் காயங்களிலிருந்து எழுந்து, ஃபார்வர்ட் வேலையை விட்டுவிட்டுப் பின்வரிசைக்கு வந்து, எதிரணியின் மிகப் பெரிய ஆளை ஏற்றுக்கொள்கிறார். அவர் பெயரை யாரும் பட்டியலில் சொல்வதில்லை. வார்ட்லாவின் உடம்பு தாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் விஷயத்தில் வேண்டுதல். தொடைத்தசை, தலையில் அடி என்று மாறி மாறி வெளியே உட்காருகிறார், உள்ளே வரும் வாரங்களில் மற்ற பதினேழு பேரின் முதுகும் நிமிர்கிறது. கேமரன் ஸுர்ஹாரை நான் ஒரு குவாட்டர் கடவுள் மாதிரியும் அடுத்த குவாட்டர் காணாமல் போயும் பார்த்திருக்கிறேன், அவர் வயதுக்கு இனி அப்படி இருக்கக் கூடாது.

இதே ஆர்டன் தெருவில் இன்னோர் அணியும் இருக்கிறது. நார்த்தின் பெண்கள் அணி 2024-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது, 2025-இலும் வாங்கியது. அதே சீருடை, அதே பயிற்சி மைதானம். எம்மா கியர்னி, ஜாஸ்மின் கார்னர் போன்றவர்கள் 2019-இல் கிளப் அந்த லீகுக்குள் நுழைந்தபோதே வந்தவர்கள், வேறு கிளப்களிலிருந்து அனுபவத்தோடு வந்தவர்கள். அவர்களைச் சுற்றித்தான் ஆட்களைச் சேர்த்தார்கள், ஒரு வருஷம் இறுதியாட்டத்தில் தோற்றதும் யாரையும் இடித்துத் தள்ளவில்லை. அவர்கள் முன்னால் இருக்கும்போது கடைசிக் குவாட்டரைப் பாருங்கள். ஐந்து பேர் கை காட்டுவார்கள். ஆண்கள் அணியின் ஆட்களைவிட அவர்கள் நெஞ்சுரம் மிக்கவர்கள் என்று ஒப்பிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே வயதுகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே நடுவில் ஓட்டை.

அதனால் என் நண்பனிடம் போன வாரம் இவ்வளவையும் சொன்னேன். மோசமான டீமில் யாராவது பந்தை எடுக்கத்தான் வேண்டும், சரி. எடுத்த பிறகு என்ன செய்கிறான், பந்து போன பிறகு எந்தப் பக்கம் ஓடுகிறான், அதைப் பார் என்றேன். ஷீசலை ஒரு முழு ஆட்டம், பந்து இல்லாதபோதும் சேர்த்து, மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து அப்புறம் வெற்றுக் கணக்கு என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, 2023-இல் தன் அணி வாங்கிய கோப்பையைத்தான் திரும்பவும் சொன்னான். ஆனால் அடுத்த சீசனில் இரண்டு அணியும் மோதும் ஆட்டத்துக்கு நார்த் பக்கத்து வரிசையில் என்னோடு உட்கார வருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் எடுக்கப் போகிறேன். லார்க்கியின் ஓட்டங்களையும் அவன் பார்க்கட்டும்.